செவலை மாட்டுக்கு ஆட்டு அசை

பசுவந்தனையிலிருந்து உடைக்குளம் போகிற மினி பஸ்ஸில் ஏறி, பாலம்மாள் வீட்டுக்கு எங்கே இறங்கவேண்டும் என்று கேட்டுப்பாருங்கள். டிக்கெட்டைக் கிழிப்பதற்கு முன்னால் கண்டக்டர் உங்களிடம் ஒன்று கேட்பார். "சாப்பிட்டாச்சா, வெறும் வயித்தோட போறீயளா?" சாப்பிட்டாயிற்று என்று சொன்னால் அவர் முகத்தில் நிஜமாகவே இரக்கம் தெரியும். வயிறு நிறைந்திருக்கிறது என்று அந்த வீட்டில் போய்ச் சொல்லிப் பயனில்லை. மகராசி காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

"ஒரு வாய்" என்றுதான் ஆரம்பிப்பாள். அவளுடைய ஒரு வாய் நம்முடைய ஒரு கும்பா. தபால்காரர் அந்தத் தெருவுக்கு வருகிற நாளில் வீட்டில் காலைச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவார். கரண்டு ரீடிங் எடுக்க வந்தவர் ஒருமுறை கொல்லைப்புறச் சுவர் ஏறித் தப்பினார் என்று ஒரு பேச்சு உண்டு. பொய்யாகவும் இருக்கலாம், ஆனால் உடைக்குளத்தில் யாரும் அதைச் சந்தேகப்பட்டதில்லை.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று அவளிடம் யாராவது சொன்னால், "அமிர்தத்தை எவ ஆக்குனா? நான் ஆக்குதது சோறு" என்று அடுத்த கரண்டியைப் போட்டுவிடுவாள். இவ்வளவு சோற்றையும் காலமெல்லாம் தின்ற அவள் புருஷன் பெருமாள்சாமி மட்டும் கம்பந்தட்டை மாதிரி ஒல்லியாகவே இருந்தார். அதில் அவளுக்குத் தீராத வருத்தம். மகள்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்ட பிறகு, வீட்டில் வாய் குறைந்துபோயிற்று. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் செவலை.

செவலை என்றால் செவலைக் காளை. நல்ல உயரம், திமில் சற்றே ஒருபக்கம் சாய்ந்திருக்கும். எட்டயபுரம் சந்தையில் எலும்பும் தோலுமாகக் கன்றுக்குட்டியாய் வாங்கி வந்ததை அவள் ஊட்டி ஊட்டி வளர்த்தாள். பக்கத்துத் தெரு மாரிச்சாமி வீட்டு மயிலைக் காளை அதற்கு ஜோடி. ஆளுக்கொரு மாடு வைத்து ஏர் சேர்ப்பது அங்கே வழக்கம்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் மழை பொய்க்கவில்லை. கொட்டித் தீர்த்துவிட்டது. கரிசல் மண்ணின் குணம் உங்களுக்குத் தெரியும், காய்ந்தால் பிளக்கும், நனைந்தால் ஆளை விழுங்கும். புதூர்ப் பக்கத்திலிருந்து உழவுக்கு வந்த டிராக்டர், பெரிய சக்கரம் பாதி புதைந்து புஞ்சைக் காட்டு நடுவில் நின்றுவிட்டது. டிரைவர் முறுக்க முறுக்க அது கீழே கீழே போனது. ஈரம் காய்வதற்குள் விதை போடாவிட்டால் அந்த வருஷத்து வெள்ளாமை அவ்வளவுதான். அப்போது செவலையும் மயிலையும் வந்தன. டிராக்டரையும் இழுத்துப் போட்டுவிட்டு, தெருவில் பாதிப் பேர் காட்டை உழுதும் கொடுத்தன. தை பிறந்தபோது எல்லார் வீட்டுக் களத்திலும் கம்பும் உளுந்தும் குவிந்துகிடந்தன. ஊருக்கு நன்றி பொங்கியது, வினையும் அங்கேதான் பிடித்தது.

மாட்டுப் பொங்கல் காலையில் கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்தில் கரும்பும் பனங்கிழங்கும் கட்டி செவலையையும் மயிலையையும் நிறுத்தியிருந்தார்கள். வீட்டுக்கு வீடு ஒரு இலைப் பொங்கல் வந்தது. சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், பால் பொங்கல், ஒரு வீட்டுக்காரர் நெய் மிதக்க மிதக்கக் கொண்டுவந்தார். மயிலை முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. அதற்கு விவரம் உண்டு. செவலை யாரிடம் வளர்ந்த பிள்ளை? நீட்டிய இலையை எல்லாம் இலையோடு சேர்த்துத் தின்றது. கடைசியில் பாலம்மாள் தன் வீட்டுப் பானையையே தூக்கிக்கொண்டு வந்தாள்.

பெருமாள்சாமி தடுத்தார். "போதும்ட்டி. அது வயிறா, மடைவாயா?"

"நல்ல நாளும் அதுவுமா வாயில்லாச் சீவன் வாயை நீட்டுது. மூடச் சொல்லுதீயளா?" என்று பானையைக் கவிழ்த்தாள். செவலை பானையை நக்கிச் சுத்தம் செய்தது. அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

பொழுது சாய்வதற்குள் மாடு படுத்துவிட்டது. இடது பக்க வயிறு உப்பி, தொட்டால் குழைந்த மாவு மாதிரி அமுங்கியது. புளித்த வாடை அடிக்கிற சாணி சாம்பல் நிறத்தில் கழிந்தது. எந்நேரமும் ஆடிக்கொண்டே இருக்கிற தாடை ஆடவில்லை. மாடு வளர்க்கிற வீட்டில் இதைவிடப் பயம் வேறில்லை. அசை போடாத மாடு இருந்தும் இல்லாத மாடு என்பார்கள்.

மறுநாள் கரிநாள். ஊரே கறி தின்கிற நாள். அரசாங்க விடுமுறை என்றும் பாராமல், பசுவந்தனை ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் வள்ளிமயில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், நாமக்கல்லில் மாட்டு வைத்தியம் படித்துவிட்டு வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வந்தவள் மாட்டின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினாள், பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றினாள். புளிப்பு குறைந்து உயிர் தங்கிவிட்டது.

"உயிருக்குப் பயமில்ல. ஆனா இனி காஞ்ச சோளத்தட்டை தின்னு செமிக்கணும்னா வயித்துல சரக்கு இல்ல," என்றாள். "இன்னைக்குக் கறிக்கடையில ஆடு அறுப்பாங்க. ஆட்டு இரைப்பையில இருக்கிற பச்சைக் கரைசலை வாங்கியாந்து, துணியில வடிகட்டி ஊத்துங்க. சோறு, கஞ்சி, கூழு ஒண்ணும் குடுக்கக் கூடாது. தட்டை மட்டும் போடுங்க." அடுத்த ஊரில் ஒரு பசு கன்று போட முடியாமல் கிடந்தது. ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பாலம்மாள் சும்மா இருப்பாளா? கறிக்கடையில் எல்லாரும் ஈரலுக்கும் தொடைக்கும் அடித்துக்கொள்ள, இவள் மட்டும் தூக்குவாளியை நீட்டி, "அந்தக் குடல்ல கெடக்க கழிசலைப் போடுங்க" என்றாள். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வாளி நிறையக் கொண்டுவந்து ஊற்றினாள். அன்றும் ஒன்றுமில்லை, மறுநாளும் ஒன்றுமில்லை. மாடு தட்டையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது.

அன்று மத்தியானம் பெருமாள்சாமி தொழுவிலிருந்து கத்தினார். "ஏட்டி, ஓடியா! அசை போடுது, அசை போடுது!"

அடுப்பில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். தாடை ஆடத்தான் செய்தது. ஆனால் பக்கத்தில் குனிந்து கேட்டால் நறநறவென்று சத்தம். வலி தாங்காமல் மாடு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் அதன் கழுத்தைப் பார்த்தபடி நின்றாள். அசை போடுகிற மாட்டுக்கு நெஞ்சிலிருந்து ஒரு உருண்டை கழுத்து வழியாக மேலே ஏறி வரும். அது வரவில்லை. அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ஊருக்கே கேட்கிற குரல் உள்ளவள் அன்றைக்குச் சத்தமில்லாமல் அழுதாள்.

சாயங்காலம் மாட்டுத் தரகர் முத்துசெல்வம் வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் தொழில் அப்படி. "அண்ணாச்சி, தூக்கிவிட்டா நிக்குற நெலையில இருக்கும்போதே குடுத்துருங்க. ஒரேயடியா விழுந்துட்டா யாரும் தொட மாட்டான். நாளை மறுநாள் சாயங்காலம் கேரளா லாரி இந்த வழியாப் போகுது," என்றார். கேரளா லாரி என்றால் அடிமாட்டு லாரி. பெருமாள்சாமி தரையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டார். பாலம்மாள் தொழு வாசலிலேயே நின்றுகொண்டாள். தன் கையால் ஊட்டிக் கெடுத்த மாட்டுக்காக எந்த முகத்தோடு பேசுவாள்?

ஆனால் விடிந்ததும் பக்கத்து வீட்டுக் காளீஸ்வரியின் செல்போனை வாங்கி டாக்டருக்குப் பேசினாள். காளீஸ்வரி கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவள். பொங்கல் லீவு முடியாததால் வீட்டில் இருந்தாள். வள்ளிமயில் வந்தாள். மாட்டைப் பார்த்தாள், குழம்பினாள்.

"ஆட்டுக் கரைசல் ஊத்தினீங்களா அக்கா?"

"ஊத்தினேனே. ஒரு சொட்டு வீணாக்கல."

"எப்படி ஊத்தினீங்க? சொல்லுங்க."

பாலம்மாள் பெருமையாகச் சொன்னாள். "நல்லா வடிகட்டுனேன். மொளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டேன். மூணு கொதி கொதிக்கவிட்டு, ஒண்ணுக்குப் பாதியா வத்தவச்சு, பொறுக்குற சூட்டுல குடுத்தேன்."

டாக்டர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "கொதிக்க வச்சீங்களா?"

"பெறகு? மருந்துன்னா காய்ச்சாமயா குடுப்பாக? அதுவும் ஆட்டுக் குடல்ல கெடந்தது!"

நீங்களே சொல்லுங்கள், அந்த ஊரில் எந்த வீட்டில் கஷாயத்தைக் காய்ச்சாமல் குடிப்பார்கள்? டாக்டருக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, கடைசியில் கோபம் தன்மேலேயே திரும்பியது. "காய்ச்சக் கூடாதுன்னு நான் சொல்லல. தப்பு என் பேர்லயும் இருக்கு," என்று தொழுவத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கீழே கிடந்த சோளத்தட்டை ஒன்றை எடுத்து ஒடித்து பாலம்மாளிடம் கொடுத்தாள்.

"கடிச்சுப் பாருங்க. இனிக்குதா?"

"விறகு இனிக்குமா டாக்டரம்மா?"

"இதுல முக்கால்வாசி சர்க்கரைதான்க்கா. சத்தியமா. சர்க்கரையை மணி மணியாக் கோத்துச் சங்கிலியாக்கி, அந்தச் சங்கிலிகளை நெருக்கமாச் சேத்து இறுக்கிக் கயிறாக்கி வச்சிருக்கு செடி. அந்தக் கட்டை நம்ம வயிறு அவுக்காது. செவலை வயிறும் தானா அவுக்காது."

"அப்ப இம்புட்டு நாளும் தின்னதெல்லாம் எப்படிச் செமிச்சுது?"

"வயித்துக்குள்ள கோடிக்கணக்குல கிருமி குடியிருக்கு. நல்ல கிருமி. அதுகதான் அவுத்துக் குடுக்குது. மாடு தட்டையைத் தின்னு கிருமிக்குப் போடுது, கிருமி மாட்டுக்குச் சோறு போடுது. நீங்க ஊத்தின பொங்கல் உள்ள போய்ப் புளிச்சு, அந்தப் புளிப்புல அதுக பூராம் செத்துப்போச்சு."

காளீஸ்வரி நம்பவில்லை. "கண்ணுக்கே தெரியாத கிருமி, எந்த அரிவாளை வச்சு இந்தத் தட்டையை வெட்டும்?"

"நீங்க தீப்பெட்டி ஆபீஸ்ல என்ன வேலை பாக்கீங்க?"

"மரச் சட்டத்துல வரிசையாக் குச்சி அடுக்குதேன்."

டாக்டர் தொடையில் தட்டினாள். "அதேதான்! அதுல சில ஜாதிக் கிருமி தன் மேல ஒரு சட்டம் மாட்டி வச்சிருக்கு. நீங்க குச்சி அடுக்குத மாதிரி, அந்தச் சட்டத்துல வரிசையா கருவி செருகி வச்சிருக்கு. ஒரு கருவி தட்டையை இறுக்கிப் பிடிச்சுக்கிடும். ஒண்ணு சுத்தியிருக்க பட்டையை உரிக்கும். ஒண்ணு சங்கிலியை நடுவுல வெட்டும். வெட்டுன நுனியிலிருந்து இன்னொண்ணு கடிச்சுக்கிட்டே போகும். தனித்தனியா விட்டா ஒவ்வொண்ணும் ஒரு பக்கம் மெதந்து போயிரும். ஒரே சட்டத்துல பக்கத்துல பக்கத்துல இருக்கதால, ஒருத்தி வெட்டுன இடத்துல அடுத்தவ உடனே நுழையுதா. எவ்வளவு கெட்டியான தட்டையும் தாங்காது."

"எங்க ஆபீஸ்ல மேஸ்திரிக்குத் தெரியாம ஒருத்தி வேலையை இன்னொருத்தி சேத்துப் பாக்குத மாதிரி," என்றாள் காளீஸ்வரி. அவளுக்கு அந்தக் கிருமிகளை உடனே பிடித்துப்போயிற்று.

"அந்தச் சட்டம், கருவி எல்லாம் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நைசு அக்கா. கொதிக்க வச்சா அவிஞ்சிரும். குளுந்தாலும் ஆகாது, காத்துப் பட்டாலும் அந்தக் கிருமிக்கு ஆகாது. உசுரோட, சூட்டோட, மூடிக் கொண்டுபோய் ஊத்தணும். கொஞ்சம்னாலும் போதும், உரை மோர் மாதிரி. அதுகளே பெருகிக்கிடும்."

உரை மோர் என்ற வார்த்தை பாலம்மாளுக்குள் சரியாகப் போய் உட்கார்ந்தது. கொதிக்கிற பாலில் உரை ஊற்றினால் தயிர் ஆகுமா? எந்தப் பெண்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. "அட, நாசமாப் போற எம் புத்தி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். உடனே எழுந்தும்விட்டாள்.

உரைக்கு எங்கே போவது? கரிநாளில் தின்ற கறியே இன்னும் யாருக்கும் செமிக்கவில்லை, கடையில் அடுத்த ஆடு விழ நாளாகும். வயிற்றிலிருந்து வாய்க்கு ஏறி வருகிற அசையிலும் அதே சரக்குதானே? மயிலையின் வாயிலிருந்து கொஞ்சம் அசை எடுத்துத் தரும்படி மாரிச்சாமியிடம் போய்க் கெஞ்சினாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "பாலம்மா, சோறு கேளு, மாட்டை உழவுக்குக் கேளு. அசையைக் கேக்காத. அசையைப் பிடுங்குனா மாட்டுக்கு அசை நின்னுபோகும்." அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. ஊரில் ஒரு வீட்டிலும் மாட்டை விடவில்லை.

"எவ வீட்டு மாடும் எனக்கு வேண்டாம். எங்கிட்ட ஆடு இருக்கு," என்று திரும்பினாள்.

அவளிடம் கொடியாட்டு மந்தை ஒன்று இருந்தது. முள், நெற்று, பருத்திச் செடியின் காய்ந்த இலை, சுவரொட்டி வரைக்கும் தின்று செமிக்கிற ஜாதி. காலையில் மேய்ந்துவிட்டு, உச்சிவெயிலில் உடைமரத்து நிழலில் படுத்து நிம்மதியாக அசை போடும். "ஆட்டு அசை ஆகுமா டாக்டரம்மா?" என்று தொழுவில் காத்திருந்த டாக்டரிடம் கேட்டாள். டாக்டர் கொஞ்சம் யோசித்தாள். "மாட்டு அசைன்னா இன்னும் நல்லது. ஆனா ஆட்டு வயித்துலயும் அதே வேலைதான் நடக்குது. செய்யலாம். எப்படி எடுப்பீங்க?"

"அதை என்கிட்ட விடுங்க."

சொல்வது சுலபம். முதல் ஆட்டின் வாய்க்குள் பெருமாள்சாமி விரலை விட்டார். கடைவாய்ப் பல்லில் மாட்டி அலறினார். இரண்டாவது ஆடு உருண்டையை மடக்கென்று விழுங்கிவிட்டு அப்பாவி மாதிரி பார்த்தது. பாலம்மாள் கவனித்துப் பார்த்தாள். உருண்டை கழுத்தில் ஏறுகிறபோதே தாடையைப் பிடித்துவிட வேண்டும். முன்பல்லுக்கும் கடைவாய்க்கும் நடுவில் பல் இல்லாத ஒரு சந்து இருக்கிறது. அதன் வழியே விரலை விட்டு, நாக்குக்கு மேலே வந்து விழுகிற நொடியில் வழித்துவிட வேண்டும். அவளுக்கு அகலமான கை, அந்த வேகம் வரவில்லை.

"தள்ளுங்க மைனி," என்றாள் காளீஸ்வரி.

சட்டத்தில் குச்சி அடுக்குகிற விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா? கண் பார்ப்பதற்குள் கை முடித்திருக்கும். பாலம்மாள் கழுத்தைப் பார்த்து "வருது!" என்பாள். பெருமாள்சாமி தாடையைப் பிடிப்பார். காளீஸ்வரியின் இரண்டு விரல் உள்ளே போய் வெளியே வந்தால், எலுமிச்சம்பழம் அளவுக்குப் பச்சை உருண்டை ஆவி பறக்க இருக்கும். ஆடு, வாயில் இருந்தது எங்கே போயிற்று என்று புரியாமல், கொஞ்சநேரம் திகைத்துப்போய் உட்கார்ந்திருக்கும். பிறகு விதியே என்று அடுத்த உருண்டையை மேலே கொண்டுவரும். தெருவில் லீவில் இருந்த தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்து, வேடிக்கை தாங்காமல் அவர்களும் இறங்கிவிட்டார்கள்.

"ஏட்டி, அந்தக் கருப்பிக்கு மாமியா மாதிரி வாய். பாத்துக் கைய விடு!"

"என் மாமியா வாயில விட்டுப் பழகுன கை. ஆட்டு வாயெல்லாம் எனக்குப் பயமா?"

வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய தூக்குவாளியில் உருண்டைகள் விழ விழ, பாலம்மாள் உடனுக்குடன் மூடினாள். வாளியைச் சேலை மடிப்புக்குள் வைத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு தொழுவுக்கு ஓடினாள். டாக்டர் மாட்டின் தலையை உயர்த்திப் பிடிக்க, மூங்கில் குழாயால் தொண்டைக்குள் மெல்ல மெல்ல ஊற்றினாள். இந்த முறை மிளகு இல்லை, சீரகம் இல்லை. கை அடுப்புப் பக்கம் போகவே இல்லை. சாயங்காலம் ஆடுகள் திரும்பிப் படுத்ததும் மறுபடி. மறுநாள் உச்சிவெயிலில் மறுபடி.

அந்த மறுநாள்தான் லாரி வருகிற நாள்.

மத்தியானம் செவலை ஒரு தட்டையை முகர்ந்தது. நுனியைக் கடித்தது. கொஞ்சநேரம் கழித்து இன்னொன்று. பிறகு படுத்துக்கொண்டது. பாலம்மாள் தொழுவைவிட்டு அசையவில்லை. தின்றால் மட்டும் போதுமா? தின்றது உள்ளே கிடந்து அழுகினால்? உள்ளே போன உரை பிடித்ததா இல்லையா என்று மாடுதானே சொல்லவேண்டும்.

சாலையில் லாரி நின்ற சத்தம் கேட்டது. முத்துசெல்வம் தோளில் புதுக் கயிற்றோடு வந்தார். மாடு கைமாறும்போது பழைய கயிற்றைக் கழற்றி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் புதுக் கயிறு கட்டுவதுதான் முறை. கயிறு மாறிவிட்டால் பேச்சு முடிந்தது. தெருவே தொழுவைச் சுற்றிக் கூடிவிட்டது. பெருமாள்சாமி பழைய கயிற்றின் முடிச்சில் கை வைத்தார். முடிச்சு அவிழவில்லை.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள் பாலம்மாள்.

"தாயி, லாரி நிக்குது."

"பொறுங்கண்ணாச்சி!"

செவலையின் தாடை லேசாக ஆடியது. முத்துசெல்வம் பரிதாபமாகத் தலையாட்டினார். "பல்லைக் கடிக்கு, தாயி. எத்தனை மாட்டைப் பாத்திருக்கேன்."

பாலம்மாள் தாடையைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சுக்கு மேலே, தோலுக்கு அடியில், ஒரு புடைப்பு தெரிந்தது. அது மெல்ல மேலே ஏறியது. ஏறி, ஏறி, தாடைக்குள் போய் மறைந்தது. செவலையின் கன்னம் உப்பியது. கீழ்த்தாடை இடமிருந்து வலமாக ஒரு சுற்று சுற்றி வந்தது. நறநற இல்லை. சளக், சளக் என்று, ஈரமான, நிதானமான சத்தம்.

"கழுத்தைப் பாருங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் லாரி டிரைவர் இறங்கி ஓடிவந்தார். "கழுத்தைப் பாருங்கய்யா! பல்லைக் கடிக்கா என் மாடு? வருது பாருங்க, அடுத்த உருண்டை வருது பாருங்க!"

வந்தது. ஒன்றை விழுங்கி, ஒரு மூச்சு விட்டு, அடுத்தது கழுத்தில் ஏறியது. காளீஸ்வரி நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள் பாருங்கள், கோயில் கொடைக்குக்கூட அந்த ஊரில் அப்படி ஒரு குலவை விழுந்ததில்லை. மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பெருமாள்சாமி முடிச்சிலிருந்து கையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். மாரிச்சாமி கூட்டத்தில் பின்னால் நின்று, "எம் மயிலை அசையா இருந்தா நேத்தே போட்டிருக்கும்" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

முத்துசெல்வம் புதுக் கயிற்றைச் சுருட்டி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். "அசை போடுத மாட்டுக்குக் கயிறு மாத்துனா எங்க தொழில் வெளங்காது. நல்லா இரு தாயி," என்றார். முகத்தில் தோற்ற களை கொஞ்சமும் இல்லை.

பாலம்மாள் செல்போனை வாங்கி டாக்டரைக் கூப்பிட்டாள். ஒரு வார்த்தையும் சொல்லாமல், போனைச் செவலையின் வாய்ப்பக்கம் கொண்டுபோய்ப் பிடித்தாள். சளக், சளக், சளக். அந்தப் பக்கத்திலிருந்து, "கேக்குதுக்கா. நல்லாக் கேக்குது," என்று டாக்டர் சொன்னாள்.

அப்புறம் என்ன, உலை ஏறியது. வந்த கூட்டத்தில் ஒருத்தரையும் அவள் சும்மா அனுப்பவில்லை. முத்துசெல்வத்துக்கு மூன்று முறை பரிமாறினாள், அவர் இலையை மடித்த பிறகு பிரித்து நாலாவது முறையும் போட்டாள். லாரி டிரைவர் வேஷ்டியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு போனார். லாரி வந்தபடியே வெறுமையாகக் கிளம்பியது.

கூட்டம் கலைகிற நேரத்தில், சோற்று வாசனை தொழுவுக்குப் போயிருக்க வேண்டும். செவலை காலை ஊன்றி எழுந்தது. நாலு நாளைக்குப் பிறகு, யாரும் தூக்கிவிடாமல், தானாக எழுந்து நின்றது. கழுத்தை நீட்டி, பாலம்மாளின் பானையைப் பார்த்து, "ம்மா" என்று ஒரு குரல் கொடுத்தது.

அவள் கை பழக்கத்தில் பானைக்குள் போய்விட்டது. ஒரு கவளம் சோற்றை எடுத்தும்விட்டாள். கை பாதி வழியில் நின்றது. எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறந்ததிலிருந்து நீட்டிய வாய்க்கு இல்லை என்று சொல்லி அறியாதவள் அவள். கவளத்தைத் திரும்பப் பானையிலேயே போட்டாள். கையை உதறினாள்.

"கெடையாது. போ," என்றாள். "இனி உனக்கு இது கெடையாது. உனக்கு நான் போட்டா போதுமா? உள்ள இருக்கதுகளுக்கு யாரு போடுவா?"

கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அதைத் துடைக்காமலே குனிந்து, ஒரு சோளத்தட்டையை எடுத்து நீட்டினாள். செவலை பானையை ஒருமுறை பார்த்தது, அவளை ஒருமுறை பார்த்தது. பிறகு தட்டையைக் கடித்தது.